அண்டை அயலார் எழுதி வைத்த ஏடுகள்

நஜாஷி மன்னரின் அவையில் ஜஃபர் பின் அபூதாலிப் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தை ஓத, கேட்டிருந்த மன்னரின் தாடி கண்ணீரால் நனைந்த வரலாற்றை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஷாம் தேசத்துப் பாதையிலே பஹீரா என்னும் துறவி இளமைப் பருவத்து அண்ணலாரை (ஸல்) அடையாளங் கண்டு அபூதாலிபை எச்சரித்ததையும், நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனா வந்து நபிகளாரின் பள்ளிவாசலிலேயே தம் முறைப்படி வழிபட்டதையும் மீலாது மேடைகளில் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். இவை யாவும் நம் ஏடுகள் நமக்குத் தந்த காட்சிகள். அதே காட்சியை எதிர்த் திண்ணையிலிருந்து பார்த்தவர்கள் என்ன எழுதி வைத்தார்கள் என்பதை நம்மவர் அதிகமாகக் கேட்டதில்லை.

கேளாமைக்குக் காரணமும் உண்டு. கிறிஸ்தவர் எழுத்தில் இஸ்லாம் என்றதும், சிலுவைப் போர்க் காலத்து ஐரோப்பியர் எழுதிக் குவித்த வசைகளே நம் நினைவுக்கு வருகின்றன. மனம் கசந்து ஏட்டை மூடி விடுகிறோம். ஆனால் அந்த வசைகளுக்கு முன்னே ஒரு காலம் இருந்தது. இஸ்லாத்தைப் பற்றி முதன்முதல் பேனா பிடித்த கிறிஸ்தவர்கள் பாரிஸிலோ ரோமிலோ இருந்தவர்கள் அல்லர். திமிஷ்கிலும் எடெஸ்ஸாவிலும் மோசூலிலும் பக்தாதிலும் நம் முன்னோரின் தெருவிலேயே குடியிருந்தவர்கள். கலீபாக்களின் அலுவலகங்களில் கணக்கு எழுதியவர்கள். நாளடைவில் அரபு மொழியையே வீட்டு மொழியாகக் கொண்டவர்கள். அவர்களின் எழுத்து ஒரே தன்மையது அன்று. அதனுள் அச்சம் உண்டு, கோபம் உண்டு, வியப்பு உண்டு, நம்மை நாணச் செய்யும் நேர்மையும் உண்டு.

மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, தோமா என்னும் பாதிரியார் சிரியாக் மொழியில் கி.பி. 640ஐ ஒட்டி எழுதிய ஏட்டில் காணப்படுவது. 634ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று, காஸாவுக்குக் கிழக்கே 12 மைல் தொலைவில் ரோமருக்கும் 'முஹம்மதின் அரபியர்' எனத் தக்கவருக்கும் போர் நடந்தது என்று அவர் நாளும் கிழமையும் இட்டு எழுதுகிறார். பெருமானார் (ஸல்) மறைந்து இரண்டாண்டுகள்கூட நிறையாத காலத்து நிகழ்ச்சி அது. முஸ்லிம் அல்லாதார் எழுத்தில் அண்ணலாரின் திருப்பெயர் ஐயத்துக்கு இடமின்றித் தோன்றுவது அங்கேதான் என்பர். கிறிஸ்தவர், யூதர், சமாரியர் ஆகிய ஏழை நாட்டுப்புறத்தார் சுமார் 4,000 பேர் அப்போரில் மாண்டனர் என்றும் அவர் எழுதுகிறார். வெற்றிகளின் பெயர்ப் பட்டியலையே படித்துப் பழகிய நாம், அந்தப் பக்கத்தில் ஓர் ஊர்ப் பாதிரியார் எண்ணிய எண்ணிக்கையையும் ஒரு முறை படிக்கத்தான் வேண்டும்.

அதே 634ஆம் ஆண்டின் இறுதியில், பைத்துல் முகத்தஸின் பேராயர் ஸொஃப்ரோனியஸ் கிறிஸ்து பிறப்பு நாள் பிரசங்கம் செய்தார். வழக்கப்படி ஜெருசலேம் மக்கள் அந்நாளில் பெத்லகேமுக்குச் செல்ல வேண்டும். பெத்லகேம் அரபியர் கையில் இருந்தமையால் செல்ல முடியவில்லை. சுவனத்தின் வாயிலை அடைத்து நின்ற வாளைக் கண்ட ஆதமைப்போல நாமும் பெத்லகேமின் வாயிலில் தடுக்கப்பட்டிருக்கிறோம் என்று அவர் உருகினார். இதற்குக் காரணம் என்ன? நம் பாவங்கள், பாவத்தை விட்டால் இத்துன்பம் நீங்கும் என்பதே அவர் கூறிய விடை. வந்திருப்பவர்கள் யாரை வணங்குகிறார்கள், என்ன ஓதுகிறார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சமயத் தத்துவத்தில் மயிர் பிளக்கும் நுட்பம் வாய்ந்த அறிஞர் அவர். கிறிஸ்துவுக்குள் செயல்படும் ஆற்றல் ஒன்றா இரண்டா என்று பேரரசரின் சபையோடு வாதிட்டவர். அத்தகையவர்க்கும் வாசலுக்கு வந்துவிட்ட மார்க்கம் ஒரு மார்க்கமாகவே கண்ணில் படவில்லை.

சில ஆண்டுகளில் அதே ஸொஃப்ரோனியஸ்தாம் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் நகரை ஒப்படைத்தார். தொழுகை நேரத்தில் தேவாலயத்தினுள்ளே தொழுமாறு அவர் வேண்ட, பின்னால் வரும் முஸ்லிம்கள் அதைக் காரணங் காட்டித் தேவாலயத்தைப் பள்ளிவாசலாக்கி விடுவர் என்று கூறி கலீபா மறுத்து வெளியே தொழுத செய்தி நமக்கு மனப்பாடம். இச்செய்தியை விரிவாக எழுதிப் பாதுகாத்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் திகைப்போம். 940இல் மறைந்த அலெக்சாந்திரியாப் பேராயர் ஸயீத் பின் பித்ரீக் என்னும் கிறிஸ்தவரே அவர்! நம் மேடைகளுக்கு அழகு சேர்க்கும் அவ்வரலாறு அயலார் ஏட்டிலிருந்து வந்தது.

தொலைவில் நின்று 'பாவத்தின் தண்டனை' என்று சொன்னவர்களைவிட, அருகில் வாழ நேர்ந்தவர்கள் விரைவில் கூர்ந்து பார்க்கத் தொடங்கினர். ஈராக்கில் கிழக்குத் திருச்சபையின் தலைவராக 649 முதல் 659 வரை இருந்த மூன்றாம் இஷோயாப் எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. கடவுள் இக்காலத்தில் உலக ஆட்சியை அளித்திருக்கும் அரபியர் நம் சமயத்தின் பகைவர் அல்லர். நம் நம்பிக்கையைப் புகழ்கின்றனர். குருமாரையும் துறவியரையும் மதிக்கின்றனர். தேவாலயங்களுக்கும் மடாலயங்களுக்கும் உதவுகின்றனர் எனும் கருத்தை அவர் எழுதுகிறார். எதற்காக எழுதுகிறார் தெரியுமா? உமான் கடற்கரையிலிருந்த மஸூன் மக்கள் கூட்டமாகக் கிறிஸ்தவத்தை விட்டுவிட்டார்கள். உங்களை எவரும் வாளால் வற்புறுத்தவில்லையே, நம்பிக்கையைக் காத்துக் கொள்ளச் சொத்தில் பாதியைத்தானே விடச் சொன்னார்கள், அதற்காகவா விட்டீர்கள் என்பது அவர் அங்கலாய்ப்பு. பாதிச் சொத்து என்பது சிறு தொகை அன்று. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தம் மந்தை கலைவதைக் கண்டு உள்ளம் நொந்த ஒரு மேய்ப்பரே வாள்முனையில் இது நடக்கவில்லை என்று சான்று கூறுவது கவனிக்கத்தக்கது.

660களில் எழுதப்பட்டு ஸெபேயோஸ் என்பவர் பெயரால் வழங்கும் ஆர்மீனிய வரலாறு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இஸ்மாயீலின் மக்களிடையே முஹம்மது என்னும் வணிகர் தோன்றினார். இப்ராஹீமின் இறைவனை அறியுமாறு அவர்களுக்குக் கற்பித்தார். மூஸாவின் வரலாற்றை நன்கு அறிந்திருந்தார். செத்த பிராணியின் இறைச்சி, மது, பொய், விபசாரம் ஆகியவற்றை விலக்கினார் என்று அந்நூல் கூறுகிறது. எழுதியவர் நம் நண்பர் அல்லர். அரபியர் ஆட்சியைக் கொடிய விலங்கின் ஆட்சியாகவே வருணிக்கிறார். எனினும் அந்த நான்கு விலக்கல்களையும் அவர் தவறின்றிக் குறித்திருக்கிறார். பகைவன் கண்ணிலும் முதலில் பட்டது மதுவும் பொய்யும் விலக்கிய ஒழுக்கமே என்பதை எண்ணும்போது, இன்றைய நம் கடைத்தெருக்களைப் பற்றி எழும் எண்ணத்தை இங்கே எழுதாமல் விடுகிறோம்.

708இல் மறைந்த எடெஸ்ஸாவின் யாக்கூப் என்னும் ஆயர் ஒரு கிப்லாப் பிரச்சினையைத் தீர்த்து வைத்த கடிதம் சுவையானது. யூதரும் முஸ்லிம்களும் தெற்கு நோக்கித் தொழுவது ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யாக்கூப் தாம் எகிப்தில் இருந்தபோது கண்ணால் கண்டதைக் கொண்டு பதில் எழுதுகிறார்: அவர்கள் திசையை நோக்குவதில்லை, இடத்தை நோக்குகிறார்கள், அலெக்சாந்திரியாவில் உள்ளவர் கிழக்கேயும், பாபிலோனில் உள்ளவர் மேற்கேயும், கஅபாவுக்குத் தெற்கே உள்ளவர் வடக்கேயும் திரும்புகின்றனர் என்று. இதைவிடத் தெளிவாக நம் மக்தபிலும் சொல்லித் தர முடியாது. மற்றொரு கடிதத்தில், ஈசா (அலை) அவர்களே முன்னறிவிக்கப்பட்ட மஸீஹ் என்பதை முஸ்லிம்கள் யாவரும் தயங்காமல் ஏற்கின்றனர், அவரைக் கடவுள் என்றோ கடவுளின் குமாரர் என்றோ கூற மட்டும் மறுக்கின்றனர் என எழுதுகிறார். இரு சமயங்களுக்கும் இடையே உள்ள வேலி எங்கே நிற்கிறது என்பதை அளந்து காட்டிய முதல் மனிதர்களில் அவர் ஒருவர்.

அந்த வேலி ஊரறிய எழுந்தது கலீபா அப்துல் மலிக் காலத்தில். ஹிஜ்ரி 72இல், அதாவது கி.பி. 691, 692ஐ ஒட்டி, பைத்துல் முகத்தஸில் குப்பத்துஸ் ஸக்ரா எழுந்தது. அதன் உட்புற வளைவுகளில் பதிக்கப்பட்ட வாசகங்கள் வேதமுடையோரை விளித்து, ஈசா (அலை) அவர்களைப் பற்றி வரம்பு மீறாதீர்கள் என்று கூறுகின்றன. சில ஆண்டுகளில் நாணயங்களிலிருந்து மன்னர் உருவம் நீங்கிக் கலிமா ஏறியது. இது வந்து போகும் படையெடுப்பு அன்று, நிலைத்து நிற்க வந்த மார்க்கம் என்பது அப்போதுதான் கிறிஸ்தவர்க்கு உறைத்தது. வட ஈராக்கில் ஒருவர், நெடுநாள் முன் மாண்ட மெத்தோடியஸ் என்னும் ஆயர் பெயரை இட்டு, ரோமச் சக்கரவர்த்தி திடீரென எழுந்து அரபியரை ஒழிப்பார், பின்னர் உலகம் முடியும் என்று ஒரு தீர்க்கதரிசன நூலை எழுதினார். அது கிரேக்கத்திலும் லத்தீனிலும் விரைந்து பரவியது. சக்கரவர்த்தி வரவில்லை. உலகமும் முடியவில்லை.

ஆகவே வாதம் தொடங்கியது. தொடங்கியவர்களில் தலையாயவர் திமிஷ்கின் யோவான். இவருடைய குடும்ப வரலாறே ஒரு நூலுக்குப் போதும். பாட்டனார் மன்ஸூர் பின் ஸர்ஜூன், திமிஷ்க் நகரம் முஸ்லிம்களிடம் சரணடைந்தபோது பேச்சு நடத்தியவர் எனப்படுகிறார். தந்தை ஸர்ஜூன், முஆவியா (ரலி) அவர்கள் காலந்தொட்டு அப்துல் மலிக் காலம் வரை அரசாங்கக் கணக்குகளைக் கவனித்தவர். யோவானும் அரண்மனைச் சூழலில் வளர்ந்து, பின்னர் துறவு பூண்டு ஜெருசலேம் பகுதியில் வாழ்ந்து, 749ஐ ஒட்டி மறைந்தார். 'ஞானத்தின் ஊற்று' என்னும் பொருள்படும் தம் பெருநூலில், வழிதவறிய கொள்கைகள் என அவர் கருதிய நூற்றினைத் தொகுத்தார். அவற்றுள் இறுதியாக வைத்தது 'இஸ்மாயீலியரின் கொள்கை'. அவர் குறித்தது நம் மார்க்கத்தையே.

அப்பகுதியைப் படிக்கும் முஸ்லிமுக்குச் சினம் வராமல் இராது. அண்ணலாரைப் பற்றி நாம் எழுதக் கூசும் சொற்கள் அங்கே உள்ளன. இக்கொள்கையை அந்திக்கிறிஸ்துவின் முன்னோடி என்கிறார். ஆரியஸ் கொள்கையைச் சார்ந்த ஒரு துறவியிடம் பெருமானார் கற்றதாகக் கதை சொல்கிறார். நாம் நுபுவ்வத்துக்குச் சான்றாகக் கூறும் துறவியையே அவர்கள் ஆசிரியராக மாற்றிக் கொண்டனர்! பின்னாளில் சிரியாக் மொழியில் பஹீராவைப் பற்றித் தனிக் கதையே எழுந்தது. ஆனால் சினம் தணிந்து மறுமுறை படித்தால் வேறொன்று தெரிகிறது. ஈசா (அலை) இறைவனின் வார்த்தை, அவனிடமிருந்து வந்த ரூஹு, தந்தையின்றி மர்யமுக்குப் பிறந்தவர், சிலுவையில் மாளாதவர் என்று முஸ்லிம்கள் நம்புவதை அவர் பிசகின்றித் தருகிறார். 'பெண்கள்', 'உணவு மரவை', 'பசு' என அத்தியாயங்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். 'இறைவனின் ஒட்டகை' என்றும் ஓர் அத்தியாயத்தைக் கூறுகிறார். அப்படி ஓர் அத்தியாயம் இல்லை என்பதையும், ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகை வரலாறு பல அத்தியாயங்களில் பரவிக் கிடக்கிறது என்பதையும் வாசகர் அறிவர். பாதி நேரில் அறிந்தது, பாதி செவிவழி வந்தது. அண்டை வீட்டாரின் அறிவு அப்படித்தான் இருக்கும்.

அவர் வைத்த வாதம் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுவோம். நீங்கள் எங்களை இணைவைப்போர் என்கிறீர்கள். ஈசாவை இறைவனின் வார்த்தை என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த வார்த்தை இறைவனுக்குள் உள்ளதா, வெளியே உள்ளதா? உள்ளே என்றால் அதுவும் தெய்வத்தன்மை உடையது. வெளியே என்றால் இறைவன் வார்த்தை அற்றவன் ஆகிறான். எங்களை இணைவைப்போர் என்றால், இறைவனிடமிருந்து வார்த்தையைத் துண்டிக்கும் உங்களைத் துண்டிப்போர் என்போம் என்கிறார். இதற்கு நம் உலமாக்கள் பின்னர்ப் பல விடைகள் கூறினர். 'குன்' என்னும் கட்டளையால் பிறந்தமையால் ஈசா (அலை) 'வார்த்தை' எனப்பட்டார் என்பதே எளிய விடை. இறைவனின் கலாம் படைக்கப்பட்டதா, படைக்கப்படாததா என்று 833 முதல் பக்தாதில் நடந்த சோதனையும், அதில் இமாம் அஹ்மது பின் ஹன்பல் (ரஹ்) அவர்கள் பட்ட சிறைவாசமும் இத்தகைய வாதங்களின் எதிரொலியே எனச் சில ஆய்வாளர் கருதுவர். நாம் அவ்வளவு தூரம் செல்ல விரும்பவில்லை. நம் முஃதஸிலாக்களுக்கு அந்த வினா தோன்றத் திமிஷ்கிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

யோவானின் பிற்கால கதி வேடிக்கையானது. திருவுருவங்களை வணங்கலாம் என்று அவர் எழுதினார். கான்ஸ்டாண்டிநோபிளின் சக்கரவர்த்தி அதை வெறுத்தார். கலீபாவின் நாட்டில் குடியிருந்ததால் சக்கரவர்த்தியின் கை அவர்மேல் நீளவில்லை. 754இல் ஹியரேயாவில் கூடிய சபை அவரைச் சபித்தபோது, 'மன்ஸூர்' என்னும் அரபுக் குடும்பப் பெயரையே வசையாக்கி, அவரை முஸ்லிம் புத்தி உடையவர் எனத் தூற்றியது. நம்மை மறுத்தவர் நம் நிழலில் பிழைத்தார். தம்மவர் வாயில் நம்மவர் ஆனார். 787இல் நிக்கேயா சபைதான் அவர் பெயரைத் துடைத்துத் தந்தது.

இனி நாம் நெடுநேரம் தங்க விரும்பும் இடத்துக்கு வருகிறோம். அஃது அப்பாஸிய கலீபா மஹ்தியின் அவை. ஆண்டு 781 அல்லது 782. எதிரே நிற்பவர் கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமோத்தேயு. 780இல் அப்பதவியை அடைந்து 823 வரை வகித்தவர். இவர் பதவிக்கு வந்த வரலாற்றைப் பற்றி அவர் சபையாரே ஒரு கதை சொல்வர்: வாக்களிப்போர்க்குப் பொற்காசு மூட்டைகள் தருவதாகக் காட்டி, வென்ற பின் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கற்கள் இருந்தனவாம்! உண்மையோ பொய்யோ, ஆள் சாமானியர் அல்லர் என்பது தெரிகிறது. அரிஸ்தூ எழுதிய, வாதம் புரியும் முறையைக் கற்பிக்கும் நூலை அரபியில் பெயர்க்க வேண்டும் என்று மஹ்தி பணித்தது இவரிடமே. அதற்கு விளக்கவுரை கிடைக்குமா என்று மோசூலை அடுத்த மடாலயத்தில் தேடச் சொல்லி இவர் எழுதிய கடிதமும் கிடைத்துள்ளது. வாதக்கலையைக் கற்க விரும்பிய கலீபாவுக்கு வாதிட ஏற்ற ஆளும் அகப்பட்டார்.

இரண்டு நாள் நடந்த அவ்வுரையாடலைத் திமோத்தேயு சிரியாக் மொழியில் கடிதமாக எழுதி வைத்தார். அல்போன்ஸ் மிங்கானா என்னும் அறிஞர் 1928இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தாமே எழுதியதாகையால் தமக்கே நல்ல விடைகள் வாய்த்தமைபோல எழுதியிருப்பார் என்பதை நாம் மறக்கலாகாது. கலீபாவின் பக்கத்துக் குறிப்பு நம்மிடம் இல்லை. ஆயினும் மஹ்தியின் வினாக்களை அவர் மழுக்கவில்லை. தங்களைப் போன்ற கற்றவர் இறைவன் ஒரு பெண்ணை மணந்து மகவு பெற்றான் என்று சொல்வது தகுமா என்பது முதல் வினா. அப்படிச் சொல்வது இறைநிந்தை அன்றோ, யார் சொன்னது என்று திமோத்தேயு திகைக்கிறார். கதிரவனும் அதன் ஒளியும் வெப்பமும் மூன்று கதிரவர்கள் ஆகாமைபோல என்று திரித்துவத்துக்கு உவமை கூறுகிறார். உவமைகள் நமக்கு நிறைவு தருவதில்லை. ஒளியும் வெப்பமும் தனித்தனி நபர்கள் அல்லவே! கலீபாவும் இதனை எளிதில் விடவில்லை.

குர்ஆனில் இறைவன் 'நாம்' என்று பன்மையில் பேசுவதைத் திமோத்தேயு எடுத்துக் காட்டுகிறார். இவ்வாதம் புதிதன்று. நஜ்ரான் தூதுக் குழுவினரும் இதனைக் கூறினர் என்பது இப்னு இஸ்ஹாக்கின் ஸீராவிலேயே உள்ளது. இக்கட்டுரையை எழுதும் நாமும் தொடக்கம் முதல் 'நாம்' என்றே எழுதி வருகிறோம். எழுதுபவர் ஒருவர்தாம் என்பதில் வாசகர்க்கு ஐயம் எழுந்திராது.

நபிகளாரைப் பற்றி இன்ஜீலில் முன்னறிவிப்பு உண்டு என்பது மஹ்தியின் வலிய வாதம். பாரக்லீத் என்னும் சொல்லையும், ஏசாயா கண்ட காட்சியில் வரும் கழுதை மீதிருந்தவரையும் ஒட்டகை மீதிருந்தவரையும் அவர் எடுத்துரைக்கிறார். பாரக்லீத் இறைவனின் ஆவியே என்றும், ஒட்டகை மீதிருந்தவர் பாரசீக மன்னர் கூரேஷ் என்றும் திமோத்தேயு மறுக்கிறார். நற்செய்தியில் அத்தகைய முன்னறிவிப்பு ஒன்றேனும் கண்டிருந்தால் நான் நற்செய்தியை விட்டுக் குர்ஆனிடம் வந்திருப்பேன் என்றும் கூறுகிறார். நம் நம்பிக்கைக்கு இது முற்றிலும் மாறானது. ஆனால் முகத்துக்கு நேரே ஒரு கலீபாவிடம் இதைச் சொல்ல முடிந்தது, சொன்னவர் தலை உடலில் இருந்தது, அதற்குப் பின்னும் 40 ஆண்டுகள் பதவியில் இருந்தார்.

பின்னர் மஹ்தி நேராகவே கேட்டார்: முஹம்மதைப் (ஸல்) பற்றி நீர் என்ன சொல்கிறீர்? அவையில் அமைதி நிலவியிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். திமோத்தேயு கூறிய விடையின் சாரம் இது: அவர் அறிவுடைய அனைவரின் புகழுக்கும் உரியவர். நபிமார்களின் பாதையில் நடந்தவர். நபிமார் அனைவரும் இறைவன் ஒருவன் என்று கற்பித்தனர், அவரும் கற்பித்தார். அவர்கள் மக்களைத் தீமையிலிருந்து விலக்கி நன்மையின்பால் அழைத்தனர், அவரும் அழைத்தார். அவர்கள் சிலை வணக்கத்தை ஒழித்தனர், அவரும் ஒழித்தார். கன்றுக்குட்டியை வணங்கியோரை மூஸா தண்டித்தமைபோல இறைவனுக்காக வைராக்கியம் கொண்டார். இப்ராஹீம் தம் உறவினரைவிட இறைவனைப் பெரிதாகக் கொண்டமைபோல அவரும் கொண்டார். அப்படியானால் அவருடைய சொல்லை நீர் ஏற்க வேண்டுமே என்று கலீபா மடக்கினார். எந்தச் சொல்லை என்று கேட்டார் திமோத்தேயு. இறைவன் ஒருவன், அவனையன்றி வேறில்லை என்பதை. அதனை நான் தவ்ராத்திலிருந்தும் நபிமார்களிடமிருந்தும் இன்ஜீலிலிருந்தும் முன்பே கற்றிருக்கிறேன். அதன்மீதே வாழ்ந்து அதன்மீதே மரிப்பேன் என்பது விடை.

கவனித்தீர்களா? 'நபிமார்களின் பாதையில் நடந்தவர்' என்றாரேயன்றி, நபி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கிறிஸ்தவர் அல்லர். அரசவை முகமன் என்று சிலர் இதனைத் தள்ளுவர். தம் சபைக்குக் கலீபாவின் ஆதரவு வேண்டிய தலைவர் வேறென்ன சொல்வார் என்பது அவர்கள் வாதம். நாம் அதற்கு உடன்படவில்லை. முகமன் கூறிய வாய், அதைச் சிரியாக் மொழியில் எழுதித் தம் சமயத்தாரிடையே பரப்ப வேண்டியதில்லை. கலீபா சிரியாக் படிப்பவர் அல்லர். தம்மவர் படிப்பதற்காகவே இப்புகழுரையை ஒரு வரியும் நீக்காமல் எழுதி வைத்தார் என்பதே உண்மை. பெருமானாரிடம் ஒரு கிறிஸ்தவர் தம் சமயத்தை விடாமல் எவ்வளவு தூரம் வர முடியுமோ அவ்வளவு தூரம் அவர் வந்தார்.

உரையாடல் ஒரு முத்தின் உவமையோடு நிறைவடைகிறது. இருள் சூழ்ந்த வீட்டில் நள்ளிரவில் ஒரு முத்து விழுகிறது. பலரும் தேடுகின்றனர். ஒருவர் கையில் முத்து அகப்படுகிறது. வேறொருவர் கையில் கண்ணாடித் துண்டு, இன்னொருவர் கையில் கல். ஒவ்வொருவரும் தம் கையில் இருப்பதே முத்து என மகிழ்கின்றனர். விடிந்து வெளிச்சம் வந்தால்தான் யாரிடம் என்ன உள்ளது என்பது தெரியும். மறுமையே அந்த விடியல் என்கிறார் திமோத்தேயு. அப்படியானால் இவ்வுலகில் முத்தை உடையவர் யார் என்று அறிய முடியாது போலும் என்கிறார் மஹ்தி. நற்செயல்களாலும் அடையாளங்களாலும் ஓரளவு அறியலாம் என்று மறுமொழி வருகிறது. முத்து தம் கையில்தான் என்பதில் இருவர்க்கும் ஐயமில்லை. இருப்பினும் இருவரும் எழுந்து போனது நல்ல முறையில்தான்.

இத்திருச்சபையின் கை நம் கடற்கரை வரை நீண்டிருந்தது என்பதையும் இடையே சொல்லி விடலாம். அதன் தொடர்புடைய கொல்லம் தேவாலயத்துக்கு 849இல் வேணாட்டு அய்யன் அடிகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடு, அக்காலத் தமிழை ஒட்டிய மொழியில் வட்டெழுத்தில் உள்ளது. ஆனால் சாட்சிகளின் ஒப்பங்கள் கூஃபி அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் காணப்படுகின்றன. தேவாலயத்தின் சொத்துக்கு முஸ்லிம் வணிகர்கள் சாட்சிக் கையெழுத்திட்டனர். பக்தாதில் வாதிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் காலம் அது.

திமோத்தேயுவுக்குப் பின் கிறிஸ்தவ அறிஞர் அரபியிலேயே எழுதத் தொடங்கினர். ஸினாய் மடாலயத்தில் கிடைத்து மார்கரெட் கிப்ஸன் அம்மையார் 1899இல் பதிப்பித்த ஒரு நூல், திரித்துவத்தை நிலைநாட்டக் குர்ஆனின் சொல்லையும் நடையையுமே கையாளுகிறது. ஹர்ரான் நகரத்து ஆயர் தியோடோர் அபூ குர்ரா அரபியில் பல நூல்கள் இயற்றினார். எடெஸ்ஸாவில் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்களும் யூதர்களும் நகைப்பதற்கு நாணித் திருவுருவங்களின் முன் சிரம் பணிவதை விட்டுவிட, அவர்களுக்காக ஒரு நூல் எழுத வேண்டி வந்தது. பஸராவின் அம்மார், தக்ரீத்தின் அபூ ராயிதா ஆகியோர் நம் கலாம் அறிஞரின் 'ஸிஃபத்' வாதத்தைக் கொண்டே திரித்துவத்தை விளக்க முயன்றனர். நம் பக்கத்தில் அபுல் ஹுதைல், அபூ ஈஸா அல்வர்ராக், ஜாஹிள் முதலியோர் மறுப்பெழுதினர். ஜாஹிளின் மறுப்பில் வாதத்தைவிட எள்ளல் மிகுதி என்பது நம் கருத்து. அபூ ஈஸாவோ கிறிஸ்தவரின் மூன்று பிரிவுகளின் கொள்கைகளையும் அவர்களே வியக்கும் அளவு கற்றறிந்து எழுதினார்.

எல்லைக்கு அப்பால், கான்ஸ்டாண்டிநோபிளில் நிலை வேறு. அங்கிருந்தவர்களுக்கு முஸ்லிம் என்றால் எல்லையில் வரும் படைவீரன். குர்ஆன் அவர்களுக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் கிடைத்தது. 9ஆம் நூற்றாண்டில் நிகேத்தாஸ் என்பவர் அதை அத்தியாயம் அத்தியாயமாக எடுத்து மறுத்தார். அம்மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பெருந்தொல்லை விளைத்தது. குல்ஹுவல்லாஹு சூராவில் வரும் 'ஸமது' என்னும் திருநாமமே அச்சொல். நம் தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'தேவையற்றவன்' என்று காண்கிறோம். கிரேக்கத்தில் அஃது 'ஹொலோஸ்ஃபுரோஸ்' என்றாயிற்று. உலோகத்தைச் சம்மட்டியால் அடித்துத் திரட்டிய, உள்ளே வெற்றிடமில்லாத கெட்டிப் பிண்டம் என்பது அதன் பொருள். முஸ்லிம்கள் வணங்குவது ஓர் உலோகக் கட்டியை என்று கிரேக்கர்கள் நம்பத் தலைப்பட்டனர்!

மொழிபெயர்த்தவன் மூடன் என்று சிரித்து விடுவது எளிது. நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் 923இல் மறைந்த இமாம் தபரியின் தஃப்ஸீரைப் புரட்டினால், ஸமது என்பதற்கு 'உள்ளீடு வெற்றிடம் அற்றவன்' என்னும் விளக்கத்தை முற்கால முஃபஸ்ஸிர்கள் சிலர் கூறியதாக அவர் பதிவு செய்திருப்பதைக் காண்கிறோம். உண்ணாதவன், பருகாதவன், வயிறற்றவன், ஆகவே எதன் தேவையும் அற்றவன் என்பது அவ்விளக்கத்தின் கருத்து. யாவரும் தம் தேவைகளுக்கு நாடிச் செல்லும் தலைவன் என்னும் விளக்கத்தையே தபரி சிறந்ததாகக் கொண்டார். ஆகவே கிரேக்கச் சொல்லுக்கு மூலம் நம் அறிஞரிடமே இருந்தது. தேவையின்மையைக் குறிக்க வந்த உவமை கடல் கடந்ததும் உருவமாகிவிட்டது. உருவமற்ற இறைவனைச் சொல்லும் அத்தியாயமே உருவம் கற்பிக்கப்பட்டதைப் போன்ற விபரீதம் வேறில்லை.

இதோடு முடிந்திருந்தால் நூலாராய்வோர் விஷயமாக நின்றிருக்கும். ஆனால் இஸ்லாத்தை விட்டுக் கிறிஸ்தவராகும் ஒருவர் சபை முன்னே சொல்ல வேண்டிய உறுதிமொழியில், இந்த 'உலோகப் பிண்டமான முஹம்மதின் இறைவனைச்' சபிக்க வேண்டும் என்று விதி ஏறிவிட்டது. பல தலைமுறைகள் அப்படியே ஓதி வந்தனர். 1180ஆம் ஆண்டில் சக்கரவர்த்தி மானுவேல் கொம்னேனோஸ் இதில் ஒரு கோணலைக் கண்டார். மதம் மாற வந்தவர்கள் மற்ற யாவற்றையும் சொல்லத் துணிந்தனர். இறைவனைச் சபிக்க மட்டும் நா எழாமல் நின்றனர். அப்துல்லாஹ்வின் மைந்தரை மறுத்துவிட்டு வருபவனுக்கும் அல்லாஹ்வைச் சபிக்க மனம் வரவில்லை! இவ்வாசகத்தை நீக்குங்கள், இறைவன் என்னும் சொல்லைச் சாபத்தோடு சேர்ப்பது முறையன்று என்று சக்கரவர்த்தி கட்டளை பிறப்பித்தார்.

ஆயர்கள் மறுத்தனர். நாங்கள் சபிப்பது மெய்யான இறைவனை அன்று, அவர் கற்பித்த கெட்டிப் பிண்டத்தை என்றனர். தெசலோனிக்காவின் பேராயர் யூஸ்தாத்தியஸ் எழுந்து சக்கரவர்த்தியின் கட்டளையைக் கடுஞ்சொற்களால் தாக்கினார். நோயுற்றுக் கிடந்த சக்கரவர்த்தி வெகுண்டார். பேச்சு பல நாள் நீடித்தது. இறுதியில் ஓர் இணக்கம் கண்டனர்: 'முஹம்மதின் இறைவன்' என்னும் வாசகத்தின்மீதிருந்த சாபத்தை நீக்கிவிட்டு, அண்ணலார் பெயர்மீதும் அவர் போதனை மீதும் அதை இருத்தி வைத்தனர். ஆயர்கள் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் மானுவேல் இறந்தார்.